உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள்

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஓர் ஏழைக் கைம்பெண் வருகிறாள். எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியில் செல்வந்தர்கள் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் இரண்டு செப்புக் காசுகளைப் போடுகிறாள். பிழைப்புக்கென்று வைத்திருந்ததையெல்லாம் இவள் போட்டுவிட்டாள் என்று இயேசு சீடர்களை அழைத்துச் சொல்கிறார். இந்த இரண்டு காசை வைத்துக் காணிக்கை ஞாயிறுகளில் எத்தனையோ பிரசங்கங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் அதே அதிகாரத்தில், அந்தக் காட்சிக்குச் சற்று மேலே, இன்னொரு பேச்சு இருக்கிறது. நீண்ட அங்கியோடு நடந்து, கடைத்தெருவில் வணக்கம் வாங்கி, விருந்தில் முதல் இருக்கையில் அமரும் மறைநூல் அறிஞர்களைப் பற்றி இயேசு பேசுகிறார். அவர்கள் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்கிறார்.

முதலில் வீடு விழுங்கப்படுகிறது. அடுத்து வருபவளிடம் இரண்டு காசுதான் மிஞ்சியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று விவிலிய ஆய்வாளர் ஆடிசன் ரைட் 1982இல் வாதிட்டார். அவர் பார்வையில் காணிக்கைக் காட்சி அந்தப் பெண்ணுக்குச் சூட்டிய பாராட்டு மட்டும் ஆகாது. அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த அமைப்பைப் பற்றிய புலம்பலும்கூட. அந்த வாசிப்பை ஏற்றுக்கொண்டால் கிறிஸ்தவ அறப்பணியின் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. கைம்பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம் என்று சொல்லும்போது, விழுங்கப்பட்ட வீட்டை மீட்டுத் தருகிறோமா, அல்லது இன்னொரு நாள் இன்னொருவர் விழுங்குவதற்கு ஒரு வீட்டைக் கட்டி வைக்கிறோமா?

ஐந்நூறு ஆண்டுகளில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் நம் கடற்கரையிலும் கிறிஸ்தவ அமைப்புகள் கட்டிய எளிய வீடுகளை இந்தக் கேள்வியோடு பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தபின் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: கூரை போட்ட அன்று வீடு முடிவதில்லை. அந்தப் பெண் தன் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு, யாரும் தன்னை வெளியேற்ற முடியாது என்ற நிச்சயத்தோடு தூங்கும் அன்றுதான் முடிகிறது.

கீற்றுக் கூரையின் கணக்கு

ஏழைகள் எல்லாருக்குமே வீட்டுக் கஷ்டம் உண்டு. கைம்பெண்ணைத் தனியாகச் சொல்வானேன்? கடலோரத்திலோ காவிரிப் படுகையிலோ உள்ள ஒரு கீற்றுக் குடிசையை மனத்தில் நிறுத்தினால் பதில் கிடைக்கும்.

தென்னங்கீற்று ஒன்றிரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. ஐப்பசி மழை தொடங்குமுன் பழைய கீற்றைப் பிரித்துப் போட்டு, செல்லரித்த மூங்கிலை மாற்றி, புதுக் கீற்றை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் இறுக்க வேண்டும். கீற்று முடைவது பெரும்பாலும் பெண்கள் வேலை. மேலேறி வேய்வது ஆண்கள் வேலை. கணவன் உள்ள வீட்டில் அவனும் பங்காளிகளும் மச்சானும் சேர்ந்து ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். கூலி கிடையாது, மதியச் சோறும், அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக் கூரைக்கு இவன் போவதும்தான் கணக்கு. கணவன் போனபின் அந்தப் பதில் வேலைக் கணக்கு அறுந்துவிடுகிறது. கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். காசு இல்லாததால் இந்த வருஷம் போகட்டும் என்று அவள் தள்ளிப்போடுகிறாள். ஒழுகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சொருகி மேலே கல் வைக்கிறாள். தண்ணீர் கூரையிலிருந்து மண்சுவரின் தலைக்கு இறங்குகிறது. ஒரு மழைக்காலத்தில் சுவர் ஊறுகிறது, அடுத்ததில் சரிகிறது. பணமில்லாமல் போனதைவிட, கூரைக்கு ஏற ஆளில்லாமல் போனதுதான் அந்த வீட்டை முதலில் சாய்க்கிறது.

இது கூரையின் கதை. தரையின் கதை இதைவிடக் கொடியது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி கணவனின் சொத்தில் மனைவிக்குப் பிள்ளைகளோடு சம பங்கு உண்டு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிசை நிற்கும் மனை மாமனார் பெயரில் இருந்தால் கணவன் விட்டுச்சென்ற சொத்து என்று பங்கு கேட்க ஒன்றுமில்லை. புறம்போக்காக இருந்தால் அதுவும் இல்லை. கணவன் பெயரிலேயே பட்டா இருந்தாலும், வாரிசுச் சான்றிதழ் வாங்கித் தாலுகா அலுவலகம் ஏறி இறங்க நாள் கூலியை விட வேண்டும். கொழுந்தன் ஒருவன் வந்து, "அண்ணன் போயாச்சு, நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போறதுதான் நல்லது அண்ணி" என்று மரியாதையாகச் சொன்னாலே பல இடங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 4 கோடிக்கும் மேற்பட்ட கைம்பெண்களைக் காட்டியது. அவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

இல்லமும் வீடும்

கிறிஸ்தவ சமூகத்தின் முதல் நிர்வாகச் சிக்கலே கைம்பெண்களைப் பற்றியதுதான். அப்போஸ்தலர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப்போனார்கள் என்று முறையீடு எழுகிறது. அதைச் சரிசெய்ய ஏழு பேரை நியமிக்கிறார்கள். உணவு இருந்தது, கொடுக்க மனமும் இருந்தது. பட்டியலில்தான் அவர்கள் பெயர் இல்லை. மொழியால் ஓரத்தில் நின்றவர்கள் பங்கீட்டிலும் ஓரத்துக்குப் போனார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் இதே பிழை எப்படித் திரும்புகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கி.பி. 251 வாக்கில் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்று, அந்நகரத் திருச்சபை 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியவர்களையும் தாங்கிவந்ததாகச் சொல்கிறது. அது சோற்றுக்கும் துணிக்குமான உதவி. குடியிருப்பு என்று தனியாகக் கட்டித் தந்த பழைய சான்றுகளில் இன்றும் உயிரோடிருப்பது ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலுள்ள ஃபுகெராய். யாக்கோப் ஃபுகர் என்ற பெருவணிகர் 1521இல் நிறுவியது. வறுமைப்பட்ட கத்தோலிக்க நகரவாசிகளுக்கு ஆண்டு வாடகை ஒரு ரைன் கில்டர். இன்றைய கணக்கில் 0.88 யூரோ. ஐந்நூறு ஆண்டுகளாக அந்த வாடகை ஏறவில்லை. அதோடு நன்கொடையாளர் குடும்பத்துக்காக நாள்தோறும் மூன்று ஜெபங்கள் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு வெளிவாசல் மூடப்படும். பிந்தி வருபவர் காவலாளிக்குச் சில்லறை கொடுத்துத்தான் உள்ளே போக முடியும்.

அங்கே என்னை நிறுத்தியது ஒரு சின்ன வேலைப்பாடு. கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் தெருவிலிருந்து தனித்தனி வாசல். ஒவ்வொரு வாசலிலும் மணியை இழுக்கும் இரும்புப் பிடி இருக்கிறது. அவை ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் வெவ்வேறு வடிவில் அடிக்கப்பட்டவை. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் கையால் தடவியே இது என் வாசல் என்று அறிந்துகொள்வதற்காக என்று சொல்வார்கள். வரிசை வீடுகளில் வாழும் ஏழைக்கும் தன் கதவு வேறு, பக்கத்துக் கதவு வேறு என்ற உணர்வு வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டில் ஒரு கொல்லர் பட்டறை வரை யோசித்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஃபுகெராயில் குடியிருப்பவர் குடியிருப்பவர்தான்; உரிமையாளர் இல்லை. மதமும் ஜெபமும் வாசலில் நிபந்தனையாக நிற்கின்றன. இந்த மரபை 'இல்லம்' என்று அழைக்கலாம். நம் நாட்டில் இதன் பெரிய உருவம் பண்டித ரமாபாய். 1858இல் பிறந்து, 1882இல் கணவனை இழந்து, மறு ஆண்டு இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றவர். 1889இல் பம்பாயில் உயர்சாதிக் கைம்பெண்களுக்கான சாரதா சதனைத் தொடங்கினார். 1896இன் பஞ்சத்துக்குப் பின் புனே அருகே கேட்காவில் முக்தி இல்லத்தைப் பெரிதாக வளர்த்தார். தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகளுக்கு எழுத்தும் தொழிலும் தந்த அந்த வேலையின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் 1893இல் சாரதா சதன் பெண்கள் மதம் மாறுகிறார்கள் என்ற சர்ச்சை எழுந்ததும் பெற்றோர் பலர் தங்கள் பெண்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இல்லத்தின் பலவீனம் அங்கே தெரிகிறது. கதவு நிறுவனத்தின் கையில் இருக்கும்வரை, உள்ளே இருப்பவளின் இடம் நிறுவனத்தின் பெயரோடும் வழக்கோடும் பிணைந்தே இருக்கும்.

கைம்பெண்ணை ஓர் இல்லத்துக்குள் அழைப்பது ஒன்று. அவளுக்கென்று ஒரு வீடு கட்டுவது வேறொன்று. இல்லத்தில் அவளைக் காக்கிறார்கள். வீட்டில் அவளே தன்னையும் பிள்ளைகளையும் காக்கிறாள், சண்டை போடுகிறாள், விருந்தாளிக்குக் காப்பி போடுகிறாள், வேண்டாதவருக்குக் கதவைச் சாத்துகிறாள். 20ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறப்பணி முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி மெல்ல நகர்ந்தது.

வட்டியில்லாக் கடனும் சிமெண்டு மூட்டையும்

அந்த நகர்வின் முக்கியமான இடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் ஊர் அருகேயுள்ள கொய்னோனியா பண்ணை. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் தேர்ந்த கிளாரன்ஸ் ஜோர்டன் 1942இல் அதைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு ஒரே நிலத்தில் உழைத்தார்கள். அதற்காக 1950களில் துப்பாக்கிச் சூட்டையும் வணிகப் புறக்கணிப்பையும் சந்தித்தார்கள். சொத்தையெல்லாம் விற்றுக் கொடுத்துவிட்டு வந்த வழக்கறிஞர் மில்லார்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1968இல் அங்கே குடியேறினார்கள். பண்ணை நிலத்தில் அரை ஏக்கர் வீதம் 42 மனைகள் பிரித்து, அக்கம்பக்கத்து ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு லாபமில்லாமல் வீடு கட்டி, வட்டியில்லாமல் தவணையில் விலை வாங்குவது திட்டம். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்ற விடுதலைப்பயண நூலின் கட்டளையை அப்படியே வீட்டுக் கணக்காக மாற்றினார்கள். முதல் வீடு முடியுமுன்பே, 1969 அக்டோபரில் ஜோர்டன் இறந்துபோனார்.

ஃபுல்லர் தம்பதியர் 1973இல் ஆப்பிரிக்காவில் அன்றைய ஜயர் நாட்டின் ம்பண்டாக்கா நகருக்குப் போய் அதே முறையில் வீடுகள் கட்டினார்கள். 1976இல் ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி பிறந்தது. 1984 முதல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சுத்தியல் பிடித்ததால் உலகப் புகழ் பெற்றது. இந்தியாவில் 1983 முதல் இயங்குகிறது. தொடங்கிய இடம் அன்றைய ஆந்திரத்தின் கம்மம். யாருக்கு வீடு என்பதில் மத நிபந்தனை வைக்கவில்லை என்பது ஃபுகெராயிலிருந்து இதைப் பிரிக்கும் பெரிய கோடு. வீடு பெறும் குடும்பம் தன் உழைப்பைச் செலுத்த வேண்டும், தவணை கட்ட வேண்டும். அந்தத் தவணையில் அடுத்த வீடு எழும். பெறுபவர் பிச்சை வாங்குபவராக நிற்காமல் இன்னொருவருக்குக் கொடுப்பவராகவும் ஆகிறார்.

இந்த அழகான கணக்கு கைம்பெண்ணின் வாசலில் வந்து தடுமாறுகிறது. நாள் கூலியில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவளுக்கு வட்டி இல்லாத தவணையும் கனம்தான். கல் சுமந்து தன் உழைப்பைச் செலுத்தப் போனால் அன்றைய கூலி போய்விடும். விலைவாசி தலைகால் தெரியாமல் ஏறிய ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் தவணையைப் பணத்தில் சொல்லாமல் சிமெண்டு மூட்டைக் கணக்கில் நிர்ணயித்தார்கள். அடுத்தவரின் வீடு நிற்காமல் எழுவதற்கு அது நியாயமான ஏற்பாடு. ஆனால் சிமெண்டு விலையோடு சேர்ந்து அவள் கூலி ஏறாது. இதைக் கண்டுதான் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் இதே அமைப்பு, கைம்பெண்களுக்கும் பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளுக்கும் கடனில்லாமல் இரண்டு அறை வீடு கட்டித் தரும் திட்டங்களுக்கு வந்தது. தன் அடிப்படைக் கொள்கையையே ஏழைகளில் ஏழைக்காகத் தளர்த்திக்கொண்ட அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

அங்கே இன்னொரு பாடமும் காத்திருந்தது. எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில் ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே நாடுகளில் கணவன் இறந்த வீட்டுக்கு அவனுடைய உறவினர்கள் வந்து, பாத்திரம் முதல் கூரைத் தகடு வரை எடுத்துக்கொண்டு மனைவியை விரட்டுவது பெரும் துயரமாகப் பரவியது. ஜாம்பியா 1989இல் கொண்டுவந்த வாரிசுரிமைச் சட்டம் வீட்டை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று சொல்கிறது. ஆனால் மரபுவழி நிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. கிராமத்து வீடுகள் நிற்பதோ பெரும்பாலும் அந்த நிலத்தில். வீடு கட்டித் தந்தால் மட்டும் போதாது, நல்ல வீடு ஆசையையும் கூட்டும் என்று தெரிந்தபின், உயில் எழுதுவது, நில உரிமை, வாரிசுரிமை ஆகியவற்றைச் சொல்லித்தருவதும் வீட்டுத் திட்டத்தின் பகுதியானது. நற்செய்தி சொன்ன 'விழுங்குதல்' அங்கே உருவகமாக இல்லை; பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது.

கால் பங்குச் செங்கல்

வீட்டை யாருக்கு, எந்த நிபந்தனையில் என்பதைப் பார்த்தோம். எப்படிக் கட்டுவது என்பதில் நம் பக்கத்துக்குச் சொந்தமான ஆசான் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1945இல் தொழுநோயாளர் மிஷனுக்குக் கட்டடம் கட்டும் கலைஞராக இந்தியா வந்தார். பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள், பிறகு கேரளம். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் கட்டப்படுவதே நல்ல வீடு என்று காந்தி தன்னிடம் சொன்னதை வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தவர். திருவனந்தபுரம் மலங்கரைக் கத்தோலிக்கப் பேராயர் மார் கிரகோரியோஸ், சில ஆயிரம் ரூபாய்க்குள் ஏழைகளுக்கு வீடு கட்ட முடியுமா என்று கேட்டதிலிருந்துதான் அங்கே அவருடைய மலிவு வீடுகளின் காலம் தொடங்கியது.

பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுச் சுவரை அருகில் நின்று பார்க்க வேண்டும். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைப்பார்கள். இதில் கொத்தனார் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்துகிறார். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒன்று. நடுவில் ஒரு சிறு பொந்து விழுகிறது. கலவை அந்தப் பொந்துக்குள் சிந்தாமல் பார்த்துக்கொள்வதில்தான் கைத்திறன். ஒன்பது அங்குலச் சுவரின் கனம் அப்படியே கிடைக்கிறது; செங்கல்லில் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம். நடுவே நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. பூச்சு வேண்டாம், வண்ணம் வேண்டாம். மேலே காங்கிரீட் தளத்தில், அடிப்பக்கம் வேலையே இல்லாமல் நிற்கும் காங்கிரீட்டுக்குப் பதில் பழைய மங்களூர் ஓடுகளைச் செருகுகிறார்கள்.

இந்தச் சிக்கனத்தைக் கட்டும் செலவைக் குறைப்பதாக மட்டும் பார்ப்பது போதாது. பூச்சில்லாத சுவரில் உதிர்வதற்குப் பூச்சு இல்லை. வெள்ளையடிக்க ஆள் தேட வேண்டாம். கீற்றுக் கூரைக்கு ஏற ஆளில்லாமல் வீடிழந்தவளுக்கு, பராமரிப்பே கேட்காத சுவரும் கூரையும்தான் உண்மையான உதவி. நன்கொடைக் கணக்கில் கட்டிய செலவு வரும். பத்து வருஷம் கழித்து அவள் செய்யவேண்டிய செலவு வராது. அந்த இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்த்தவர் பேக்கர்.

தரங்கம்பாடியில்

மேலே சொன்ன இழைகள் எல்லாம் ஒன்றுகூடிய இடம் நம் தரங்கம்பாடி. 1706இல் மிஷனரி சீகன்பால்கு கரையிறங்கிய அதே கடற்கரையை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டம். காசா, காரித்தாஸ் உள்ளிட்ட கிறிஸ்தவ அமைப்புகளும் வேறு பல தொண்டு நிறுவனங்களும் வீடு கட்ட வந்தன. கிராமத்தில் குடும்பத்துக்கு 3 சென்ட் மனை, 300 முதல் 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் வீடு என்று மாநில அரசு வரையறுத்தது.

அப்போஸ்தலர் காலத்துப் பிழை இங்கே திரும்பியது. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து ஊரைத் தலைக்கட்டுக் கணக்கில், வரி கட்டும் ஆண்களின் கணக்கில் எண்ணுகிறது. கைம்பெண்ணிடம் வரி வாங்காமல் விடுவதும் அரை வரி வாங்குவதும் பல ஊர்களின் வழக்கம். சாதாரண நாளில் அது கருணை. நிவாரணப் பட்டியல் அதே கணக்கைப் பின்பற்றிய நாளில் கருணையே அவளை விலக்கிவிட்டது. வரி இல்லாதவள் பட்டியலிலும் இல்லை. அலைக்குப் பலியானவர்களில் பெண்கள் அதிகம் என்பதால் அந்தப் பேரிடர் மனைவியை இழந்த ஆண்களையே மிகுதியாக விட்டுச் சென்றது. அலைக்கு முன்பே கைம்பெண்ணாக இருந்து, மகன் வீட்டுத் திண்ணையிலோ ஒட்டுக் கொட்டகையிலோ தனிச்சமையல் வைத்து வாழ்ந்தவள்தான், தனிக் குடும்பம் என்று நிரூபிக்க முடியாமல் நின்றாள்.

அரசாணையில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. வீட்டு உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கும். ஒருவர் உயிரோடு இல்லையென்றால், எஞ்சியவர் பெயரிலும் மூத்த பிள்ளை பெயரிலும் இருக்கும். முதல் வரி மீனவப் பெண்கள் பலருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக நிலத்தாளில் தங்கள் பெயரைக் காட்டியது. இரண்டாவது வரியை நிதானமாக வாசிக்க வேண்டும். கணவனை இழந்தவள் தனியாக உரிமையாளர் ஆகவில்லை. மூத்த மகனோடு சேர்ந்தே ஆகிறாள். அவன் நல்லவனாக இருந்தால் அது பாதுகாப்பு. அவன் கடனில் விழுந்தாலோ, புது மருமகளுக்கும் அவளுக்கும் ஒத்துவராமல் போனாலோ, அந்தப் பாதித் தாள் அவளைக் காக்குமா?

கட்டிய வீடுகள் எல்லாம் ஒரே தரமும் இல்லை. கடற்கரை மறுகட்டுமானத்தை ஆராய்ந்த ஜெனிஃபர் டுய்னே பாரென்ஸ்டைன், புது வீட்டுக்காக மரங்கள் வெட்டப்பட்டதையும் நல்ல பழைய வீடுகள்கூட இடிக்கப்பட்டதையும் பதிவுசெய்திருக்கிறார். தட்டையான காங்கிரீட் கூரைக்குக் கீழே, திண்ணையும் நிழலும் இல்லாமல், சித்திரை வெயிலில் யாரும் உள்ளே இருக்க முடிவதில்லை. விறகடுப்பு எரிப்பவளுக்குப் புகை போக வழி இல்லாத சமையலறை வாய்த்தால் அடுப்பைப் பின்பக்கம் கீற்றுக் கொட்டகைக்கே கொண்டுபோகிறாள். கூரை வேயும் கவலை மறுபடியும் அவளிடமே திரும்பி வருகிறது.

அதே கரையில் வேறு விதமாகவும் நடந்தது. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடுகள் கட்டியது. அந்தக் கூட்டமைப்பின் வேர், 1960களில் திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா நிலமற்ற மீனவர்களுக்காக மரியநாடு என்ற ஊரையே உருவாக்கிய முயற்சியில் இருக்கிறது. வடிவமைத்தவர் பேக்கரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ். ஒரே அச்சில் எல்லா வீட்டையும் வார்க்காமல், குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களுடைய புழக்கத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிக் கட்டினார்கள். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்டால் அவளுக்குத் தெரியும். கேட்கத்தான் வேண்டும்.

கொடுக்கும் கையின் கடமை

கிறிஸ்தவ அறப்பணி தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு கண்ணாடி உண்டு. திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், 1916 கணவனை இழந்த மனைவிக்கு நிலபுலத்தில் ஆயுள்கால அனுபோகம் மட்டும் தந்தது; மறுமணம் செய்தால் அதுவும் போகும். மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் முன்பே நீங்கிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தபோது, கேரளத்துச் சபைத் தலைமைகள் பலவற்றிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. கைம்பெண்ணுக்கு வீடு கட்டக் காணிக்கை எடுக்கும் கையும், அவள் பங்கைத் தடுக்கும் சட்டத்துக்காகப் பரிந்து பேசும் நாவும் ஒரே உடலில் இருக்க முடியும் என்று அந்த ஆண்டு காட்டியது. நீண்ட அங்கிகளைப் பற்றிய பேச்சு யாரோ பழைய ஆட்களுக்கு மட்டும் சொன்னது என்று அதன்பின் எண்ண முடியவில்லை.

இன்று அரசே வீடு கட்டித் தருகிறது. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் இருக்கிறது. 2024இல் தமிழ்நாடு அறிவித்த கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. தொண்டு நிறுவனம் சேர்க்கும் பணத்தைவிட அரசின் பணம் எப்போதும் பெரிது. ஆனால் கையில் மனையும் அதற்குப் பட்டாவும் இருந்தால்தான் அந்தப் பணம் வரும். மாமனார் பெயரிலுள்ள மனையில், வாய்க்கால் கரைப் புறம்போக்கில், மகன் வீட்டு ஒட்டுக் கொட்டகையில் இருப்பவளுக்கு அந்தக் கதவு திறக்காது.

சபைகளும் அறநிலையங்களும் செய்யவேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நூறு வீடு கட்டித் திறப்பு விழா நடத்துவதற்கு முன், ஊரில் எந்தக் கைம்பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கலாம். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் அவளோடு தாலுகா அலுவலகம் போக ஓர் ஆளை வைக்கலாம். அன்றைய கூலியை அவளுக்கு ஈடுகட்டலாம். மனையே இல்லாதவளுக்கு இரண்டு மூன்று சென்ட் வாங்கி அவள் பெயருக்கு மட்டும் பதிவுசெய்யலாம். சபைக்குச் சொந்தமான நிலம் சும்மா கிடந்தால் அதிலிருந்தே கொடுக்கலாம். வீடு கட்டினால் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் ஆள் தேடவைக்காத சுவராகக் கட்டலாம். கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் பொறித்து வாசலில் பதிக்காமல் விடலாம். தினமும் கோலம் போட வரும்போதெல்லாம் தான் யாருடைய தயவில் வாழ்கிறோம் என்று அவள் வாசிக்க வேண்டியதில்லை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை விருந்தினரிடம் நீட்டுவதற்கு முன் சாவியையும் பத்திரத்தையும் அவளிடம் கொடுக்கலாம்.

ஆக்ஸ்பர்க்கின் அந்த இரும்புப் பிடிகள் இருட்டில் வருபவளுக்கு இது உன் வாசல் என்று சொல்லின. அது வெளியிலிருந்து தொடுவது. கீற்றுக் குடிசையில் ஒரு கயிற்றால் கட்டிய தட்டிக்குப் பின்னால், யார் வந்து எதைச் சொல்வார்களோ என்று பாதித் தூக்கத்தில் கிடந்த பெண்ணுக்கு இன்னொன்றும் வேண்டும். புது வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒரு சாதாரண இரும்புத் தாழ்ப்பாள் இருக்கும். முதல் நாள் இரவு பிள்ளைகள் படுத்தபின் அவள் எழுந்துபோய் அதைப் போடுவாள். அதை வெளியிலிருந்து திறக்கும் உரிமை கொழுந்தனுக்கும் இல்லை, கட்டிக் கொடுத்தவருக்கும் இல்லை என்று சொல்லும் தாள் அவளுடைய பெட்டிக்குள் இருந்தால், அந்த வீடு கட்டி முடிந்தது.